எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம்: மண்டபம் கரையில் ஒரு விடுமுறை

வியாழன்

மதுரையிலிருந்து காலையில் காரில் புறப்பட்டு, பரமக்குடியில் காபிக்கு மட்டும் நின்று, இராமநாதபுரத்தையும் உச்சிப்புளியையும் கடந்து நண்பகலுக்குச் சற்று முன்னர் விடுதிக்கு வந்து சேர்ந்தோம். நானும் மனைவியும், கல்லூரியில் விலங்கியல் படிக்கும் மகளும் வந்திருக்கிறோம். மண்டபத்துக்கு மேற்கே நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே பிரியும் மணற்பாதையின் முடிவில், மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி விடுதி நிற்கிறது. மூன்று பக்கமும் பனந்தோப்பு. அதற்கு அப்பால் சீமைக்கருவேலங்காடு. வேறு வீடோ கடையோ கண்ணில் படுவதில்லை. தனிமை என்று விளம்பரத்தில் போட்டிருந்தது பொய்யன்று.

உள்ளே நுழைந்ததும் எங்கள் மணிக்கட்டில் ஆளுக்கொரு வண்ணப்பட்டையைக் கட்டிவிட்டார்கள். அது கையில் இருக்கும்வரை அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மாலைச் சிற்றுண்டி, நீச்சல்குளம், கரையோரத் துடுப்புப் படகு என எதற்கும் தனியாகப் பணம் கேட்கமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டுவிட்டார்கள். நம் ஊர்ப்பக்கம் இது புதிதாகத் தெரிந்தாலும் உலகத்துக்குப் பழையதுதான். 1950-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜெரார் பிளிட்ஸ், ஸ்பெயின் நாட்டு மயோர்க்கா தீவின் அல்கூடியா கடற்கரையில் கூடாரங்களை அடித்து, தங்குவதற்கும் உண்பதற்கும் விளையாடுவதற்கும் சேர்த்து ஒரே கட்டணம் வாங்கியதிலிருந்து கிளப் மெட் என்ற நிறுவனம் வளர்ந்தது. மாலத்தீவில் 1972-இல் குரும்பா என்ற முதல் விடுதி திறக்கப்பட்ட பிறகு, ஒரு தீவு முழுவதையும் ஒரே விடுதிக்குக் கொடுப்பது அந்நாட்டின் வழக்கமாகவே ஆகிவிட்டது. விருந்தாளி தீவைவிட்டு வெளியே போக வழியில்லை என்பதால், அவருக்கு வேண்டியதையெல்லாம் தீவுக்குள்ளேயே வைத்துக் கணக்கையும் ஒரே சீட்டில் முடித்துவிடுவது அங்கே இருதரப்புக்கும் வசதி.

இராமநாதபுரம் கரையில் அந்த ஏற்பாடு பாதிதான் நடக்கும். தீவுகள் இருக்கின்றன, விடுதிகளும் இருக்கின்றன. ஆனால் அந்தத் தீவுகளில் விடுதி கிடையாது. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை கரையை ஒட்டியே 21 தீவுகள் எண்ணப்பட்டன. அவற்றுள் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் அதனையும் உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டரில் உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது. ஆகவே எங்கள் அறைத் திண்ணையில் அமர்ந்து பார்த்தால், நேர் எதிரே முயல் தீவு நீண்ட பச்சைக் கோடாகத் தெரிகிறது. இரவில் அங்கே ஒரு விளக்குகூட எரிவதில்லை. இந்த விடுதியின் மிகச் சிறந்த காட்சி கட்டணத்தில் சேராத ஒன்று என்பது முதல் நாளே புரிந்துவிட்டது.

வெள்ளி

விடியற்காலையில் கடல் ஏரியைப்போல் கிடந்தது. மாசி மாதத்தில் இங்கே எப்போதும் இப்படித்தான் என்று தோட்டக்காரப் பெரியவர் சொன்னார். வாடைக்காற்று வடக்கிலிருந்து வீசுவதால் அப்போது பாக் நீரிணைப் பக்கமான வடகடல் கலங்கும், நிலத்தின் மறைவில் இருக்கும் தென்கடல் அடங்கிக் கிடக்கும். சித்திரைக்குப் பின் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் நிலைமை தலைகீழாக மாறும். அந்தக் காலத்தில்கூட வெளிக்கடலின் அலை தீவுகளிலும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளிலும் மோதி உடைந்த பிறகே கரைக்கு வருகிறது. விடுதிக்காரர்கள் தங்கள் விளம்பரத்தில் போட்டிருக்கும் ‘அமைதியான கடற்கரை’ என்ற சொத்தைக் காலங்காலமாகக் காத்துத் தருவது அந்தப் பாறைகள்தாம்.

இவ்வளவு நல்ல கடல் இருந்தும் விருந்தாளிகளில் பெரும்பாலோர் நீச்சல்குளத்தில்தான் கிடந்தார்கள். குளத்துக்கு அருகிலேயே தேநீர் கிடைப்பது ஒரு காரணமாக இருக்கலாம். நாங்கள் வேலியின் சிறு கதவைத் திறந்துகொண்டு கிழக்கே கரையோரமாக நடந்தோம். கொஞ்ச தூரத்தில் இடுப்பளவு நீரில் சில பெண்கள் குனிந்தும் மூழ்கியும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பாசி எடுப்பவர்கள். கண்ணில் நீர்புகாக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணிப்பட்டை, காலில் செருப்பு, இடுப்பில் கட்டிய வலைப்பை என்பவையே அவர்களுடைய கருவிகள். பாறையில் கை கிழியாமல் இருக்கத்தான் அந்தத் துணி என்று கரையேறி வந்த ஒரு மூதாட்டி விளக்கினார்.

“எந்த ஊரு தாயி?” என்று என் மனைவியிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பையை மணலில் கொட்டிக் காட்டினார். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் என்னும் கூழ்ப்பொருள் எடுக்கப் போகின்றன. கட்டக்கோரை வேறொரு ஆலைக்குப் போகிறது. மரிக்கொழுந்துக்கு விலை கூடுதல். தேசியப் பூங்கா அறிவிப்புக்குப் பிறகு தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கப் போவது சட்டப்படி குற்றமாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த இடங்கள் அவை. இந்தப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து, மாதத்தில் சில நாள்கள் மட்டுமே பாசி எடுப்பது, தகட்டால் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அவர்களை ஒன்றுதிரட்டியதற்காகப் பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்னும் பன்னாட்டு விருது கிடைத்தது. தீவுகளைக் காப்பது சரி என்று நினைப்பவன் நான். அதை இன்றும் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காப்புக்கான விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதை இந்தக் கரையில் கொஞ்ச தூரம் நடந்தாலே பார்த்துவிடலாம்.

இரவு உணவில் இனிப்பு வரிசையில் ரோஜா நிறத்தில் துண்டு போட்ட கடல்பாசி இருந்தது. நோன்புக் காலத்தில் கீழக்கரை, பெரியபட்டினம் வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் அதே பண்டம்தான். அகர் எங்கிருந்து வாங்கியது என்று பரிமாறுபவரிடம் கேட்டேன். மதுரை மொத்தக் கடையிலிருந்து பொட்டலமாக வருகிறதாம்.

மீன் கதை இதைவிட விசித்திரமானது. மதியம் தட்டுகளில் அடுக்கியிருந்த மீன் வறுவலை ஒரு கடி கடித்ததும் மனைவி என்னைப் பார்த்தார். முள் இல்லை, மணம் இல்லை, கடல் சுவையும் இல்லை. பாசா மீன். குளத்தில் வளர்த்து, உறையவைத்து, பெட்டியில் வருவது. கண்ணெதிரே வள்ளங்கள் போய்வரும் ஊரில் குளிர்பெட்டி மீனா என்று தலைமைச் சமையற்காரரிடம் கேட்டதற்கு அவர் சிறிதும் கோபப்படவில்லை. “விலை ஒண்ணாக் கட்டிட்டோம்ல சார், தினம் ஒரு ரேட்டு வித்தா எப்படிச் சமாளிக்கிறது?” என்றார். அவர் பாம்பன்காரர், அவருடைய அண்ணன் நாட்டுப்படகில் போகிறார். வடகடலில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாள்கள் என்று பிரித்திருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வேறு. இத்தனைக்கும் நடுவில் ஒரு நாள் நகரை மீன் கிடைக்கும், மறுநாள் சூடைதான் கிடைக்கும். எந்த நாளும் நூறு பேருக்கு ஒரே அளவில், ஒரே விலையில், முள் குத்தாத மீன் வேண்டும் என்று கேட்கும் விருந்தாளிக்குக் கடல் அப்படிக் கொடுக்காது, தொழிற்சாலைதான் கொடுக்கும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரே கட்டணம் என்பதன் உள் கணக்கை எந்த மேலாளரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கமாட்டார். தனியாகப் பணம் கொடுத்தால் நாளை இரவு நகரைக் குழம்பு வைத்துத் தருவதாகவும் சொன்னார்.

சனி

விடுதியின் கட்டணத்துக்கு வெளியே உள்ளது என்று தெரிந்தே இன்றைய பொழுதைக் குருசடைத் தீவுக்கு ஒதுக்கினோம். தீவுகளில் இரவு தங்க முடியாதே தவிர, வனத்துறை பாம்பனை அடுத்த குந்துகால் துறையிலிருந்து படகு விட்டுப் பகலில் ஒரு சுற்றுக் காட்டித் திரும்ப அழைத்துவருகிறது. மண்டபத்திலிருந்து பாம்பன் சாலைப் பாலம் வழியாகப் போகவேண்டும். 1988-இல் அந்தப் பாலம் வரும்வரை இராமேசுவரம் தீவுக்கு ரயிலை விட்டால் படகுதான். பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள்; பாதிப் பேர் நிறுத்தித்தான் படம் எடுக்கிறார்கள். பக்கத்தில் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலமும் அருகருகே கிடக்கின்றன. பழையதில் கப்பலுக்கு வழிவிட இரண்டு இறக்கைகள் மேல்நோக்கி விரிந்தன, புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே நேராக மேலே உயர்கிறது.

குந்துகாலில் விவேகானந்தர் நினைவகம் இருக்கிறது. சிகாகோவிலிருந்து புகழோடு திரும்பிய அவர் இலங்கை வழியாக 1897 ஜனவரி 26 அன்று இங்கேதான் கரையிறங்கினார். சேதுபதி மன்னர் பாஸ்கரர் எதிர்கொண்டு வரவேற்றார். படகுக்கு நேரம் இருந்ததால் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம்.

படகில் ஏறுமுன் பைகளைத் திறந்து பார்த்து, நெகிழித் தண்ணீர்ப் புட்டிகளையும் தின்பண்ட உறைகளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். தனியார் விடுதி எதிலும் இத்தனை கண்டிப்பை நான் பார்த்ததில்லை, மனதுக்கு அது பிடித்திருந்தது. தெளிந்த நீரில் அடிமணலும் கடற்புல் திட்டுகளும் தெரிந்தன. ஆவுளியா என்று இங்குள்ளவர்கள் சொல்லும் கடற்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான். அதைப் பார்க்கலாமா என்று மகள் ஆசையாகக் கேட்டதற்குப் படகோட்டி சிரித்துவிட்டு, “நாங்களே எப்பயாச்சும்தான் பாக்குறோம் பாப்பா” என்றார்.

குருசடையின் கரை மணல் வெள்ளைவெளேரென்று இருக்கிறது. குனிந்து அள்ளிப் பார்த்தால் பாதி, உடைந்த பவளமும் சிப்பியும்தான். உட்புறம் அலையாத்திச் செடிகள் சேற்றில் வேர்களை ஊன்றி நிற்கின்றன. கூட வந்த வழிகாட்டி இளைஞர் ஓரிடத்தில் நின்று, நீர் வற்றிய மணலில் சுருள்சுருளாகக் கிடந்த சிறு குவியல்களைக் காட்டினார். மகள் சட்டென்று மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். பலனோகிளாசஸ்! முதுகெலும்புள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்ட உயிரி என்று விலங்கியல் புத்தகங்கள் சொல்லும் மணற்புழு. அந்த வகையைச் சேர்ந்த ஓர் இனம் இந்தத் தீவில் இருப்பதாலேயே குருசடையின் பெயர் உலகத்து ஆய்வாளர்களுக்குத் தெரியும். சென்னை மாகாணக் காலத்திலிருந்தே மீன்வளத் துறை இங்கே ஆய்வு நிலையம் வைத்திருந்தது. தேர்வுக்காகப் படம் வரைந்து வெறுத்த பிராணியின் எச்சக் குவியலைப் பார்த்து இப்படி ஒருத்தி மகிழ்வாள் என்று நான் நினைத்ததில்லை.

பவளப்பாறைகளைப் பற்றி அந்த இளைஞர் சொன்னவை இந்தப் பயணத்தில் கேட்டவற்றுள் முக்கியமானவை. மன்னார் வளைகுடாவில் 117 வகைப் பவள உயிரிகள் பதிவாகியிருக்கின்றன. அவை பாறை அல்ல. பாறையைக் கட்டும் உயிர்கள். அவற்றின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி ஒளியில் உணவு தயாரித்துக் கொடுக்கிறது, நிறத்தையும் அதுவே கொடுக்கிறது. கடல்நீரின் சூடு வழக்கத்தைவிடக் கூடிச் சில வாரம் அப்படியே நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். வெளுத்து, பட்டினி கிடந்து, சூடு தணியாவிட்டால் இறந்துபோகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இந்தக் கடலில் அப்படிப் பெரிய அளவில் வெளுப்பு நடந்தது. அதற்கு முந்தைய காலத்துக் கேடு மனிதன் கையால் நேர்ந்தது: சுண்ணாம்புக்காகப் பவளத்தைக் கடப்பாரை போட்டு வெட்டிப் படகு படகாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளத்தையும், கூடவே கடல் அட்டையையும் சேர்த்த பிறகே அதற்கு முடிவு வந்தது.

மூன்றாவது கேடு நல்லெண்ணத்தில் வந்தது. பாசி எடுக்கும் குடும்பங்களுக்கு மாற்று வருமானமாக இருக்கட்டும் என்று கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசியை மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கும் தொழில் பாக் நீரிணைப் பக்கம் பரவியது. அதிலிருந்து எடுக்கும் காராஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருள் ஐஸ்கிரீம் முதல் பற்பசை வரை சேர்க்கப்படுவதால் விற்பனைக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பாசி குருசடைப் பவளங்களின்மேல் படர்ந்து மூடியிருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அதைக் கையால் பறித்து அகற்றும் வேலை அதன் பின்னர் வனத்துறையின் தலையில் விழுந்தது. மிதவை கட்டிய பெண்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. தீவுப் பக்கம் போகாதே என்று சொன்னவர்கள் காட்டிய வேறு வழிகளில் அதுவும் ஒன்று.

தீவில் கழித்த நேரம் குறைவுதான். இன்னும் கொஞ்சம் இருக்க விட்டிருக்கலாம் என்று படகில் இருந்த எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனால் எங்களை நேரத்துக்கு விரட்டியது எத்தனை சரி என்பது, கரையிறங்கியதும் குந்துகால் வாகன நிறுத்தத்தில் கிடந்த குப்பையைப் பார்த்தபோது விளங்கியது.

இரவு நகரைக் குழம்பு வந்தது. முண்டு மிளகாயை வறுத்தரைத்து, புளியை அளவாகக் கரைத்து, தேங்காயைக் குறைவாகச் சேர்த்த குழம்பு. இராமநாதபுரம் முண்டுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நீள மிளகாயைவிட உறைப்பு குறைவாகவும் நிறமும் மணமும் கூடுதலாகவும் இருக்கும். முள்ளை எடுத்து எடுத்துச் சாப்பிட அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பக்கத்து மேசைச் சிறுவன் தன் தட்டில் இருந்த பாசாவையும் எங்கள் சட்டியையும் மாறிமாறிப் பார்த்ததால் அவனுக்கும் கொஞ்சம் போனது.

ஞாயிறு

தனுஷ்கோடிக்குப் போய்வந்தோம். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டதால் சுருக்கமாக முடிக்கிறேன். கோதண்டராமர் கோயிலுக்குப் போகும் வழியில் உப்பங்கழியில் பூநாரைகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச்சாலை இருப்பதால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முழுவதும் அங்கேதான். 1914 முதல் ரயிலில் வந்தவர்கள் இங்கிருந்து கப்பலேறித் தலைமன்னாருக்குப் போனார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ரயிலும் ஊரும் போய்விட்டன. இடிந்த தேவாலயச் சுவரில் வெட்டிய பவளக்கற்கள் அப்படியே தெரிகின்றன. நேற்றுக் கேட்ட கதைக்குப் பிறகு அந்தச் சுவரை வேறு விதமாகத்தான் பார்க்க முடிந்தது.

அங்கே என் கவனத்தைப் பிடித்தது தண்ணீர். கொட்டகை போட்டு மீன் வறுத்து விற்கும் குடும்பம் ஒன்று, கடலிலிருந்து சில அடி தள்ளி மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மெதுவாக மொண்டு குடத்தை நிரப்பியது. வாங்கிக் குடித்துப் பார்த்தேன், உப்பே இல்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. அவசரப்பட்டு அதிகம் இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். அதனால்தான் சிரட்டை. மாலை விடுதிக்குத் திரும்பியபோது வாசலில் தண்ணீர் லாரி ஒன்று குளத்துக்கு நீர் இறக்கிக்கொண்டிருந்தது. காவிரிக் கூட்டுக்குடிநீரை எதிர்பார்த்துத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் காத்திருக்கும் மாவட்டம் இது. கடலிலிருந்து ஐம்பது அடியில் நல்ல தண்ணீர்க் குளம் எதற்கு என்று மேலாளரிடம் கேட்டேன். குளம் இல்லாத விடுதியை இணையத்தில் யாரும் முன்பதிவு செய்வதில்லை என்றார். என் பங்குக் குற்றமும் அதில் உண்டோ என்று மனைவி கேட்டார். நாங்கள் குளத்தில் இறங்கவில்லை என்பதை அவருக்கு நினைவூட்டினேன், அவர் அதை ஏற்கவில்லை.

திங்கள்

கணக்கு முடிக்கும்போது மேலதிகச் சீட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: நகரைக் குழம்பு. தீவுப் படகுக்கும் தனுஷ்கோடி வறுவலுக்கும் நாங்களே வெளியில் பணம் கொடுத்துவிட்டதால், இந்த விடுமுறையில் எங்களுக்கு நினைவில் நிற்கப்போகும் எதுவும் விடுதியின் கட்டணத்தில் இல்லை. அதற்காக விடுதியைக் குறைகூற மாட்டேன். அறை சுத்தமாக இருந்தது, பணியாளர்கள் முகம் கோணாமல் பேசினார்கள், திண்ணையில் காற்று நன்றாக வந்தது. உணவையும் சேர்த்துக் கட்டுவதற்குப் பதிலாக அறைக்கும் காலைப் பலகாரத்துக்கும் மட்டும் பணம் கட்டியிருந்தால் போதும் என்பதே என் கணிப்பு. அடுத்து வருபவர்கள் அப்படிக் கேட்டுப் பார்க்கலாம், தருகிறார்கள் என்று வரவேற்பறையிலேயே சொன்னார்கள்.

திரும்பும்போது நேரே மதுரைக்குப் போகாமல் கீழக்கரைக்கு வண்டியைத் திருப்பி, தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் கிளறிய தொதல் வாங்கிக்கொண்டோம். கோயில் மண்டபத்தைப் போலவே கல்தூண்களால் கட்டிய பழைய ஜும்மா பள்ளிவாசலையும் பார்த்தோம். தீவுக்காகவே வருபவர்கள் தையிலிருந்து பங்குனிக்குள் வருவது நல்லது. நீர் தெளிந்திருக்கும், படகும் ஓடும். கச்சான் காலத்தில் தென்கடலில் படகு நிறுத்தப்படும் நாள்கள் உண்டு என்பதால் குந்துகாலில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவேண்டும். அந்தப் பருவத்தில் குழந்தைகளைக் கடலில் குளிக்க விடுவதற்கு வடகரையில் உள்ள அரியமான் ஏற்றது. குடிக்கத் தண்ணீரைச் செம்பிலோ எவர்சில்வர் புட்டியிலோ கொண்டுவாருங்கள். நெகிழிப் புட்டி படகுத்துறையைத் தாண்டாது.